டிலிகம் கொலைகாரனா? தொட்டியில் அடைபட்ட ஓர்காக்கள் பற்றி ஒரு விவாதம்

#1 உப்புக்காற்று

வேறொரு இழையில் டிலிகம் என்ற ஆண் ஓர்காவைப் பற்றி (ஆங்கிலத்தில் 'கில்லர் வேல்', கொலைத் திமிங்கலம் என்பார்களே, அந்தக் கடல் பாலூட்டி) பேச்சு வந்தபோது ஒருவர், "மூன்று பேரைக் கொன்ற மிருகத்துக்கு என்ன அனுதாபம் வேண்டிக் கிடக்கிறது" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் அந்த இழை திசைமாறிவிடும். அதனால் இங்கே தனியாக ஆரம்பிக்கிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். 1983 நவம்பரில் ஐஸ்லாந்துக் கடலில் பிடிபட்டபோது டிலிகத்துக்கு ஏறக்குறைய 2 வயது. கனடாவின் விக்டோரியா நகருக்குப் பக்கத்தில் சீலேண்ட் என்ற சிறிய பூங்காவுக்குப் போனது. அங்கே ஏற்கெனவே இரண்டு பெண் ஓர்காக்கள் இருந்தன. இரவானால் மூன்றையும் குறுகலான, இருட்டான ஓர் உலோக அறைக்குள் தள்ளிக் கதவை மூடிவிடுவார்கள். காலையில் வெளியே வரும்போது டிலிகத்தின் தோலில் பல் கீறல்கள் இருக்கும். 1991 பிப்ரவரி 20 அன்று ஓர் இளம் பயிற்சியாளர் கால் தவறித் தண்ணீரில் விழுந்தார். மூன்றும் சேர்ந்து அவரைக் கரையேற விடவில்லை. அந்தத் தொட்டியில் அதற்கு முன் யாரும் இறங்கி நீந்தியதில்லை. விழுந்தது ஒரு மனுஷி என்பதைவிட, விளையாடக் கிடைத்த புதுப் பொருள் என்றுதான் அவற்றுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சீலேண்ட் மூடப்பட்டது. 1992 ஜனவரியில் டிலிகம் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் உள்ள சீ வேர்ல்டு என்ற கடல் விலங்குப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. 1999 ஜூலையில், பூங்கா மூடிய பிறகு உள்ளேயே பதுங்கியிருந்த ஓர் இளைஞர் அதன் தொட்டியில் இறங்கியிருக்கிறார். மறுநாள் காலை அவர் உடல் டிலிகத்தின் முதுகின் மேல் கிடந்தது. 2010 பிப்ரவரி 24 அன்று டான் பிரான்ஷோ. அனுபவமும் நல்ல பெயரும் உள்ள மூத்த பயிற்சியாளர். காட்சி முடிந்து கரையோரத் திட்டில் படுத்து டிலிகத்தோடு கொஞ்சிக்கொண்டிருந்தவரை அது உள்ளே இழுத்துவிட்டது.

கடலில் வாழும் ஓர்கா ஒரு மனிதரைக் கொன்றதாக இன்றுவரை ஒரு பதிவுகூட இல்லை. 1972-ல் கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்கு வீரர் ஒருவரை ஓர் ஓர்கா கடித்தது; அவர் பிழைத்தார். 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் ஓர்காக்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானை உடைத்து வருகின்றன. சில படகுகள் மூழ்கியும் விட்டன. ஆனால் தண்ணீரில் இறங்கிய மனிதர்களை அவை தொடவில்லை.

என் வாதம் இதுதான். முதல் மரணத்தை அறியாமை என்று சொல்லலாம். மூன்றாவது மரணத்தின்போது அந்த விலங்கின் வரலாறு முழுக்க ஏட்டில் இருந்தது. இருந்தும் அதை ஏன் வைத்திருந்தார்கள்? டிலிகம் 21 குட்டிகளுக்குத் தந்தை. மேடையில் அது செய்த வித்தையைவிட அதன் விந்துக்குத்தான் மதிப்பு. கொலைகாரன் என்று யாரையாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால், அந்தக் கணக்கைப் போட்டவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

#2 சும்மா_வந்தேன்

அந்தப் பயிற்சியாளர் குதிரைவால் போட்டிருந்தார், அதைப் பிடித்துத்தான் இழுத்தது, அவர் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்றெல்லாம் அப்போது செய்தியில் வந்ததே. உண்மையா?

#3 வழக்குமன்றம்

நிறுவனத் தரப்பு அப்படித்தான் சொன்னது. கையைப் பிடித்து இழுத்தது என்று சொன்ன சாட்சிகளும் உண்டு. ஐந்து டன்னைத் தாண்டிய விலங்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, அது பிடித்தது முடியையா முழங்கையையா என்று பேசிக்கொண்டிருப்பதே திசைதிருப்பல் என்பது என் எண்ணம்.

தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஓஷா இதை விட்டுவிடவில்லை. 2010 ஆகஸ்டில் 75,000 டாலர் அபராதம் போட்டது. 2012-ல் நீதிபதி தொகையை 12,000 டாலராகக் குறைத்தார். ஆனால் மையமான விஷயத்தில் நிறுவனம் தோற்றது: காட்சிகளின்போது பயிற்சியாளருக்கும் ஓர்காவுக்கும் நடுவே தடுப்போ, அதற்கு நிகரான பாதுகாப்போ இருந்தாக வேண்டும். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2014-ல் அதுவும் 2-1 என்று தள்ளுபடி.

அந்த ஒரு மாற்றுக் கருத்தை எழுதியவர் பிரெட் கவனா, பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். அமெரிக்கக் கால்பந்தில் ஆளை ஆள் மோதி வீழ்த்துகிறார்கள், கார் பந்தயத்தில் கழுத்தை முறிக்கும் வேகத்தில் ஓட்டுகிறார்கள், அதையெல்லாம் அரசு தடை செய்யுமா என்று கேட்டார். லேசில் ஒதுக்கிவிட முடியாத கேள்விதான். ஆனால் கால்பந்தில் இரண்டு தரப்பும் சம்மதித்துக் களத்தில் இறங்குகின்றன. இங்கே ஒரு தரப்பை யாரும் கேட்கவே இல்லை.

இன்னொன்று. இந்த வழக்கு முழுக்க முழுக்கத் தொழிலாளர் பாதுகாப்பு பற்றியது. ஓர்காவின் நலன் என்ற பேச்சு இதில் எழவே இல்லை. நீரில் இறங்கி முதுகில் சவாரி செய்யும் காட்சிகள் நின்றுபோனது மனிதனைக் காப்பாற்றத்தான்.

#4 எதிர்க்கட்சி

பெயருக்கேற்ப எதிர்த்தரப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் ஒரே பக்கம் நின்றால் விவாதம் எதற்கு?

யானைக்கும் அடி சறுக்கும். பல பத்தாண்டுகளாக நாள்தோறும் பயிற்சியாளர்களும் ஓர்காக்களும் தண்ணீரில் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். அதில் பயிற்சியாளர் மரணம் மூன்று: சீலேண்டில் ஒன்று, ஆர்லாண்டோவில் ஒன்று, 2009 டிசம்பர் 24 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் உள்ள லோரோ பார்க் பூங்காவில் கீட்டோ என்ற ஓர்காவால் இறந்த அலெக்சிஸ் மார்ட்டினெஸ். வருத்தம்தான். ஆனால் ஆபத்தான வேலை என்று தெரிந்தே விரும்பிச் சேர்ந்தவர்கள் அவர்கள்.

அடுத்து, 1964-க்கு முன் இந்த விலங்கின் மேல் மனிதனுக்கு என்ன பார்வை இருந்தது என்று பாருங்கள். மீனவர்கள் கண்ட இடத்தில் சுட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சால்மன் மீனைத் தின்கின்றன என்பதற்காக, ஓர்காக்களைச் சுட அரசின் மீன்வளத் துறையே கரையில் இயந்திரத் துப்பாக்கியை நிறுவியது. கடைசியில் அது சுடவில்லை என்பது வேறு கதை. 1964-ல் வான்கூவர் காட்சியகம் ஓர் ஓர்காவைக் கொன்று, அதை மாதிரியாக வைத்துச் சிற்பம் செய்ய ஆள் அனுப்பியது. ஈட்டி பாய்ந்தும் அது சாகவில்லை. இழுத்துக்கொண்டு வந்தார்கள். மோபி டால் என்று பெயர் வைத்தார்கள். மூன்று மாதம்கூட உயிரோடு இல்லை. ஆனால் அதற்குள் ஊர் ஊராக மக்கள் மனம் மாறியது. அரக்கன் என்று நினைத்தது இவ்வளவு சாதுவா என்று வியந்தார்கள். இன்று நீங்கள் எல்லோரும் ஓர்காவுக்காகக் கண்ணீர் விடுவது அந்தத் தொட்டிகள் செய்த வேலை.

#5 பவளம்

எதிர்க்கட்சி அண்ணே, மோபி டால் மனதை மாற்றியது சரி. அதற்குக் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மனம் மாறியதும் என்ன நடந்தது? "சாதுவான பிராணி, வித்தை கற்கும், கூட்டம் வரும்" என்று தெரிந்ததும் பிடிக்க ஓடினார்கள். 1970 ஆகஸ்ட் 8, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், பென் கோவ். வேகப்படகு, விமானம், தண்ணீரில் வெடிகள். இவற்றை வைத்து ஏறக்குறைய 80 ஓர்காக்களை ஒரு சிறு விரிகுடாவுக்குள் விரட்டி வலை போட்டார்கள். குட்டிகள்தான் வேண்டும், லாரியில் ஏற்றச் சுலபம். ஏழு குட்டிகளைத் தாய்களிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். பெரியவை வலைக்கு வெளியே போகாமல் கத்திக்கொண்டே கிடந்தன. சில குட்டிகள் வலையில் சிக்கி மூழ்கிச் செத்தன. அந்தச் செய்தி வெளியே வரக் கூடாதென்று வயிற்றைக் கிழித்து, கல்லை நிரப்பி, கடலடியில் அமிழ்த்தினார்கள். சில மாதம் கழித்து அலை அவற்றைக் கரையில் கொண்டுவந்து போட்டது.

அந்த ஏழில் ஒருத்திதான் டோகிடே, மயாமி கடல் காட்சியகம் லோலிடா என்று பெயர் மாற்றியவள். 2023 மார்ச்சில் அவளைப் பிறந்த கடலுக்கே கொண்டுபோகத் திட்டம் அறிவித்தார்கள். ஆகஸ்ட் 18 அன்று இறந்துவிட்டாள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே தொட்டி. அவளோடு இருந்த ஹியூகோ 1980-லேயே போய்விட்டான். சுவரில் தலையை மோதிக்கொண்டே இருந்தவன், மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் செத்தான்.

1976-ல் அதே மாநிலத்தில் இன்னொரு முறை வலை போட்டபோது மக்கள் நேரில் பார்த்துவிட்டார்கள். வழக்கு, கூச்சல். அங்கே பிடிப்பது நின்றது. உடனே எங்கே போனார்கள் தெரியுமா? ஐஸ்லாந்துக்கு. டிலிகம் அந்தக் கணக்கில் வந்தவன்தான்.

தெற்குக் குடியிருப்பு ஓர்காக்கள் என்று அழைக்கப்படும் டோகிடேயின் இனக்குழுவிலிருந்து அந்தப் பத்தாண்டுகளில் பிடிபட்டதும் செத்ததும் சேர்த்து 40-க்கு மேல். இன்று மிஞ்சியிருப்பது எழுபத்துச் சொச்சம். தூக்கிப்போனது பெரும்பாலும் இளசுகளை, அதாவது பிறகு குட்டி போட வேண்டிய தலைமுறையை. 2005-ல் அழியும் நிலையில் உள்ளவை என்று பட்டியலிட வேண்டியதாகிவிட்டது.

#6 கணக்கர்

டோகிடேயின் தொட்டி அளவு பொதுவில் கிடைக்கிறது. நீளம் 80 அடி, அகலம் 35 அடி, ஆழமான இடத்தில் 20 அடி. மீட்டரில் 24, 10.7, 6.

அவள் உடல் நீளமே ஏறக்குறைய 6 மீட்டர். ஆக, நேராக நின்றால் வால் தரையில், மூக்கு மேல்மட்டத்தில். கடலில் ஓர்கா ஒரு நாளில் 100 கிலோமீட்டர் போவது வழக்கத்துக்கு மாறானதல்ல. அதே தூரத்தை இந்தத் தொட்டியில் நீந்த வேண்டுமென்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 4,000 தடவைக்கு மேல் போக வேண்டும். நாலு வாலசைப்பு, திரும்பு. நாலு வாலசைப்பு, திரும்பு. கடலில் பல நூறு மீட்டர் ஆழம் போகக்கூடியவை. உலகின் பெரிய ஓர்காத் தொட்டிகள்கூடப் பதினொன்று, பன்னிரண்டு மீட்டர் ஆழத்தைச் சுற்றித்தான்.

"கடலில் அவை அலைவது உணவுக்காக, உணவு கையில் கிடைத்தால் எதற்கு அலைய வேண்டும்" என்று ஒரு பதில் வரும். வரட்டும், அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது.

#7 விலங்குவைத்தியன்

தொழில் முறையில் கால்நடை மருத்துவன். ஓர்காவுக்கு வைத்தியம் பார்த்ததில்லை, ஆனால் கடல் பாலூட்டிகளின் மருத்துவக் கட்டுரைகளை விடாமல் படிப்பவன். ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்.

முதுகுத்துடுப்பு மடிந்து கிடப்பது "மனச்சோர்வின் அடையாளம்" என்று படம் போட்டுப் பரப்புகிறார்கள். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. துடுப்புக்குள் எலும்பு கிடையாது. நார்த்திசுதான். மேல்மட்டத்திலேயே மணிக்கணக்கில் மிதப்பது, ஒரே திசையில் வட்டமடிப்பது, நீரின் தாங்குதல் கிடைக்காதது, வெயில் என்று பல காரணங்கள் சேரலாம். வயதுவந்த ஆண் ஓர்காக்களில் தொட்டியில் இருப்பவை ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மடிகிறது. கடலில் இது அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. மடிந்த துடுப்பால் அதற்கு வலி இருப்பதாகவும் தெரியவில்லை. இதை வைத்து வாதாடினால் எதிராளி ஒரே வரியில் மடக்கிவிடுவார்.

பல்லைப் பாருங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. தொட்டிச் சுவரின் காங்கிரீட்டையும், அறைகளைப் பிரிக்கும் இரும்புக் கம்பிக் கதவையும் ஓர்காக்கள் கடித்துக்கொண்டே இருக்கும். வேலை இல்லாத வாய். கதவுக்கு அந்தப் பக்கம் சண்டைக்கார ஓர்கா நின்றால் இன்னும் அதிகம். பல் தேய்ந்து, உடைந்து, உள்ளே நரம்புள்ள பற்கூழ் தெரிய ஆரம்பிக்கும். மனிதனுக்கென்றால் வேர்ச்சிகிச்சை செய்து மூடி, மேலே ஒரு தொப்பி வைத்துவிடலாம். இங்கே துளையிட்டுக் கூழை எடுத்துவிட்டு, துளையை அப்படியே திறந்து விடுகிறார்கள். அப்புறம் வாழ்நாள் முழுக்க, பயிற்சியாளர் விசில் ஊதி வாயைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு துளைக்குள்ளும் மருந்துநீரைப் பீய்ச்சி, அடைத்திருக்கும் மீன் துணுக்கைக் கழுவ வேண்டும். தினமும். தாடை எலும்புக்கு நேராகத் திறந்த வழி அது. கிருமிக்கு வேறு வாசல் தேவையில்லை. 2017-ல் வந்த ஓர் ஆய்வு 29 ஓர்காக்களின் பற்களைப் படங்கள் வழியே பரிசோதித்தது. சேதம் இல்லாத வாய் ஒன்றுகூட இல்லை.

கொசுவையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. ஓர்காவுக்குக் கொசுக்கடியால் சாவு. 1990-ல் கன்டூக் என்ற ஆண் ஓர்கா செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் வைரஸால் செத்தது. 2007-ல் டாகு, வெஸ்ட் நைல் வைரஸ். கடலில் நகர்ந்துகொண்டே இருக்கும் விலங்கின் முதுகில் கொசு உட்கார நேரம் ஏது? ஆழமில்லாத தொட்டியில் இரவெல்லாம் மரக்கட்டை போல மிதந்தால் உட்காரும்.

#8 எதிர்க்கட்சி

வைத்தியருக்கு நன்றி, துடுப்பு விஷயத்தில் நியாயமாகப் பேசினீர்கள். ஆனால் கடைசியில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எவ்வளவு காலம் வாழ்கின்றன? ஆரம்பகாலத்தில் கொத்துக்கொத்தாகச் செத்தன, மறுக்கவில்லை. இப்போது அப்படி இல்லை. 2015-ல் சீ வேர்ல்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், அவர்களிடம் உள்ள ஓர்காக்களின் ஆயுள் கடலில் உள்ளவற்றுக்குச் சமம் என்று புள்ளிவிவரத்தோடு காட்டியிருக்கிறார்கள். கோர்க்கி 1969-ல் பிடிபட்டது. பிறகு சான் டியேகோ சீ வேர்ல்டுக்குப் போய், தொட்டிகளில் அரை நூற்றாண்டைத் தாண்டி இருந்திருக்கிறது.

#9 கணக்கர்

அதே 2015-ல் வேறு இருவர், நிறுவனத்தில் முன்பு பயிற்சியாளர்களாக இருந்தவர்கள், எல்லாப் பூங்காக்களின் தரவையும் எடுத்துப் பார்த்தார்கள். காலப்போக்கில் நிலைமை மேம்பட்டிருக்கிறது, ஆனாலும் கடலுக்கு ஈடாகவில்லை என்பது அவர்கள் முடிவு. சரி, உங்கள் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம்.

சமம் என்றே வைத்துக்கொள்வோம். யாரோடு சமம்? ஒப்பிட்டது தெற்கு, வடக்குக் குடியிருப்பு ஓர்காக்களோடு. தெற்குக் குழுவின் நிலையைப் பவளம் சொல்லிவிட்டார். அவை தின்னும் சினூக் சால்மன் குறைந்துவிட்டது. உடல் கொழுப்பில் பிசிபி என்ற தொழிற்சாலை நஞ்சு சேர்ந்திருக்கிறது. கப்பல் இரைச்சலில் இரை தேடும் ஒலியே கேட்பதில்லை. பட்டினி, நஞ்சு, இரைச்சல் மூன்றும் உள்ள கூட்டத்தோடு, வேளைக்கு மீனும் இருபத்துநாலு மணிநேர வைத்தியமும் கிடைக்கும் கூட்டம் சமமாக வாழ்கிறது என்பது பெருமையா? பட்டினியும் இல்லை, புயலும் இல்லை, கப்பலும் இல்லை என்றால் ஆயுள் இரட்டிப்பாகியிருக்க வேண்டாமா? ஏதோ ஒன்று அதைத் தின்கிறது.

கோர்க்கி ஒன்றைக் காட்டி மற்றவற்றை மறைக்காதீர்கள். கடலில் பெண் ஓர்கா 80 வயதைத் தாண்டலாம்.

#10 பவளம்

அந்த "ஏதோ ஒன்று" எது என்று என் ஊகத்தைச் சொல்கிறேன். குடும்பம்.

குடியிருப்பு ஓர்காக்களில் மகனும் மகளும் சாகும்வரை தாயை விட்டுப் பிரிவதில்லை. குட்டி ஈனும் வயது முடிந்த பிறகும் பல்லாண்டு வாழும் மிகச் சில பாலூட்டிகளில் ஓர்காவும் ஒன்று. மீன் குறைந்த ஆண்டுகளில் எங்கே கிடைக்கும் என்று கூட்டத்தை நடத்திப் போவது அந்தக் கிழவிகள்தான். 2018-ல் டாலக்குவா என்ற தாய், பிறந்த சிறிது நேரத்திலேயே செத்த குட்டியை 17 நாள் மூக்கில் தாங்கிக்கொண்டு நீந்தினாள். உலகமே பார்த்தது.

இனி தொட்டிக்கு வாருங்கள். கசாட்கா என்ற தாய், டகாரா அவள் மகள். டகாராவைச் சான் டியேகோவிலிருந்து வேறு பூங்காவுக்கு அனுப்பிய பிறகு, கசாட்கா அதுவரை யாரும் கேட்டிராத நெடுந்தூரக் குரல்களை எழுப்பினாள் என்று அங்கே பயிற்சியாளராக இருந்தவரே பிறகு பொதுவெளியில் சொன்னார். டகாராவின் மகள் கோஹானா. அவளுக்கு 3 வயது இருக்கும்போதே தாயிடமிருந்து எடுத்து டெனெரிஃபுக்கு அனுப்பினார்கள். கூடப் போனவை எல்லாம் இளசுகள், வழிகாட்டப் பெரியவர் யாரும் இல்லை. 8 வயதில் கோஹானா முதல் குட்டி ஈன்றாள். கடலில் பெண் ஓர்கா தாயாவது பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு மேல்தான். ஈன்ற குட்டியை அவள் ஏற்கவில்லை. மனிதர்கள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார்கள். எப்படி ஏற்பாள்? ஒரு குட்டியை எப்படிப் பக்கத்தில் வைத்து நீந்த வேண்டும் என்று அவள் எங்கே பார்த்தாள்?

டாகு என்ற ஆண், தன் சொந்தத் தாயோடு இணைந்து குட்டி பிறந்ததும் தொட்டியில்தான். கடலில் கூட்டங்கள் அவ்வப்போது சந்தித்து வெளியே துணை தேடும். தொட்டியில் வெளியே என்று ஒன்று இல்லை.

#11 அலைவரிசை

பவளம் சொன்னதோடு ஒலியைச் சேர்க்கிறேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி அழைப்பொலிகள் உண்டு, குட்டிகள் தாயிடம் கற்கின்றன. ஒலிப்பதிவைக் கேட்டே எந்தக் கூட்டம் என்று ஆய்வாளர்கள் சொல்லிவிடுவார்கள். உணவு வழக்கமும் இப்படித்தான். ஒரே கடலில் மீன் மட்டும் தின்னும் கூட்டமும், கடல்நாயை மட்டும் வேட்டையாடும் கூட்டமும் இருக்கும். ஒன்றோடொன்று கலப்பதில்லை.

பூங்காக்கள் ஐஸ்லாந்து ஓர்காவையும் பசிபிக் ஓர்காவையும் ஒரே தொட்டியில் போட்டன. யார் பெரியவர் என்று தீர்மானிக்க அடிதடி. கடலில் தோற்றவன் ஒதுங்கிப் போய்விடுவான். 1989 ஆகஸ்டில் சான் டியேகோவில், ஐஸ்லாந்துக்காரியான கன்டு, பசிபிக்காரியான கோர்க்கியின் மேல் பாய்ந்தாள். பாய்ந்த வேகத்தில் கன்டுவின் தாடை உடைந்து ரத்தக்குழாய் கிழிந்தது. மூச்சுத்துளை வழியே ரத்தம் பீறிட்டு, முக்கால் மணிநேரத்தில் செத்தாள். அவளுடைய குட்டி ஆர்கிட் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மேலே கோர்க்கியைச் சாதனைபோலச் சொன்னார்களே, அதே கோர்க்கிதான்.

#12 சும்மா_வந்தேன்

படிக்கப் படிக்கக் கோபம் வருகிறது. பேசாமல் எல்லாவற்றையும் கடலில் திறந்து விட்டுவிட்டால் என்ன?

#13 அலைவரிசை

கெய்கோவின் கதை தெரிந்தால் இந்தக் கேள்வியைத் தயங்கித்தான் கேட்பீர்கள். 1979-ல் ஐஸ்லாந்தில் குட்டியாகப் பிடிபட்டது. பிறகு மெக்சிகோ நகரத்தில், வெதுவெதுப்பான நீருள்ள ஒரு சிறு தொட்டி, தோல் நோய். 1993-ல் வந்த 'ஃப்ரீ வில்லி' படத்தில் நடித்ததால் உலகப் புகழ். பிள்ளைகள் காசு சேர்த்து அனுப்பினார்கள். 1996-ல் அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் பெரிய தொட்டி, 1998-ல் ஐஸ்லாந்தின் கிளெட்ஸ்விக் விரிகுடாவில் வலைவேலி. மெல்ல மெல்லக் கடலுக்குப் பழக்கினார்கள். 2002 கோடையில் தானாகவே கடலைக் கடந்து நார்வே போய்ச் சேர்ந்தது. போனதும் மனிதர்களைத் தேடித்தான் வந்தது, பிள்ளைகளை முதுகில் ஏற விட்டது. 2003 டிசம்பரில் நிமோனியாவில் இறந்தது. செலவு 2 கோடி டாலர் அளவுக்குப் போனதாகச் சொல்வார்கள்.

இதைத் தோல்வி என்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன், ஐந்தாண்டு கடல்நீரில் வாழ்ந்தது. ஆனால் தன் குடும்பம் எது என்று தெரியாமல், எந்தக் கூட்டத்திலும் முழுசாகச் சேர முடியாமல்தான் போனது.

இதற்கு நேர்மாறு ஸ்பிரிங்கர். 2002-ல் சியாட்டில் பக்கம் தனியாக, மெலிந்து திரிந்த அநாதைக் குட்டி. அழைப்பொலியைக் கேட்டு வடக்குக் குடியிருப்புக் குழுவைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்தார்கள். பிடித்து, சில வாரம் தேற்றி, படகில் ஏற்றிப் போய் உறவுகள் வரும் வழியில் விட்டார்கள். சேர்ந்துகொண்டது. 2013-ல் தாயானது. வித்தியாசம், ஸ்பிரிங்கருக்குக் கடலும் மொழியும் உறவும் மறக்கவில்லை. தொட்டியிலேயே பிறந்ததைக் கடலில் விடுவது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். இன்று உலகில் அடைபட்டிருக்கும் ஐம்பத்துச் சொச்ச ஓர்காக்களில் பல அப்படிப் பிறந்தவை.

#14 எதிர்க்கட்சி

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். திறந்து விட முடியாது, ஒத்துக்கொள்கிறீர்கள். அப்படியானால் வலைவேலி போட்ட கடல் சரணாலயம் என்பீர்கள். ஐஸ்லாந்தில் இரண்டு பெலூகா திமிங்கலங்களை 2019-ல் அப்படிக் கொண்டுபோனார்கள். விரிகுடாவில் விட்டார்கள், திரும்ப உள்ளறைத் தொட்டிக்கே கொண்டுவர வேண்டியிருந்தது. ஓர்காக்களுக்கான சரணாலயம் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வரும் என்று 2020-ல் இடம் அறிவித்தார்கள். அறிவிப்போடு எத்தனை ஆண்டு ஓடின? அந்தப் பணத்தைச் சால்மன் ஆறுகளை மீட்கச் செலவழித்தால் கடலில் இருக்கும் எழுபது ஓர்காவும் பிழைக்கும். தனி ஒரு விலங்கின் கண்ணீருக்காக இனத்தையே மறப்பது எந்த அறம்?

#15 நெறியாளர்

டிலிகத்தால் இறந்தவர்களைப் பற்றி "தகுந்த தண்டனை" என்று எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அந்தப் பயிற்சியாளர்களில் பெரும்பாலானவர்கள் அந்த விலங்குகளை உயிராக நேசித்தவர்கள். மறுபடி இப்படி எழுதினால் கணக்கு முடக்கப்படும்.

#16 வழக்குமன்றம்

நெறியாளருக்கு நன்றி. எதிர்க்கட்சியின் கேள்விக்கு வரும் முன் சட்டநிலையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2013-ல் இந்தியா டால்ஃபின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்றது. அதே ஆண்டு டிலிகத்தின் கதையைச் சொல்லி வந்த 'பிளாக்ஃபிஷ்' ஆவணப்படத்துக்குப் பிறகு சீ வேர்ல்டில் கூட்டம் குறைந்தது. 2016 மார்ச்சில் இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக நிறுவனமே அறிவித்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் தடைச் சட்டம். 2019-ல் கனடா, 2021-ல் ஃபிரான்ஸ்.

ஆனால் கடை இடம் மாறியிருக்கிறது. 2012 முதல் ரஷ்யாவின் ஓகோட்ஸ்க் கடலில் பிடித்துச் சீனாவுக்கு விற்றார்கள். 2018-ல் நகோட்கா நகருக்கு அருகே சிறு கூண்டுகளில் 11 ஓர்காக்களும் 90 வரை பெலூகாக்களும் அடைக்கப்பட்டிருந்த படங்கள் வெளிவந்து, கூச்சல் எழுந்து, 2019-ல் அவற்றைத் திரும்ப விட்டார்கள். ஜப்பானில் கோபே நகரத்தில் 2024-ல் புதிய ஓர்காக் காட்சியகமே திறந்திருக்கிறார்கள்.

சட்டம் வந்துவிட்டால் உள்ளே இருப்பவற்றுக்கு விடிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கிஸ்கா என்ற ஓர்கா கனடாவின் நயாகரா பக்கம் ஒரு பூங்காவில் இருந்தது. ஐந்து குட்டிகள் ஈன்றது, ஐந்தும் சின்ன வயதிலேயே போய்விட்டன. 2011-க்குப் பிறகு தன் இனத்தில் துணையே இல்லை. 2019 தடைச் சட்டத்தால் அதன் தொட்டியில் எதுவும் மாறவில்லை. 2023 மார்ச்சில் தனியாகவே இறந்தது.

#17 விலங்குவைத்தியன்

ஃபிரான்ஸின் கதையும் அதுதான். ஆன்டீப் நகரத்துக் கடல் பூங்கா 2025 ஜனவரி 5 அன்று மூடிவிட்டது. விக்கியும் அதன் மகன் கெய்ஜோவும் உள்ளேயே. மனிதக் குரலைப் போல ஒலி எழுப்பி 2018-ல் செய்திகளில் வந்த அதே விக்கி. இரண்டும் தொட்டியில் பிறந்தவை. ஜப்பானுக்கு அனுப்ப அரசு ஒத்துக்கொள்ளவில்லை. டெனெரிஃபுக்கு அனுப்ப ஸ்பெயினின் அறிவியல் குழு ஒத்துக்கொள்ளவில்லை. பார்வையாளர் இல்லை, வருமானம் இல்லை, பாசி ஏறிய தொட்டி.

மருத்துவனாக என் கருத்து: கடல் வேலி வந்தாலும் அதில் முதல் சில ஆண்டுகள் சிக்கல்தான். புதுக் கிருமி, குளிர், பழகாத அலை. ஆனாலும் கெய்ஜோவுக்கு இன்னும் இருபது, முப்பது ஆண்டு இருக்கலாம். அந்தக் கணக்கில் பார்த்தால் முதல் சில ஆண்டுச் சிக்கல் தாங்கக்கூடியது.

#18 எதிர்க்கட்சி

செலவை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

#19 உப்புக்காற்று

நான் சொல்கிறேன். டிக்கெட் விற்றவர் கொடுக்க வேண்டும்.

கிஸ்கா இருந்த அதே பூங்கா 2025 அக்டோபரில் என்ன செய்தது தெரியுமா? மிச்சமிருந்த 30 பெலூகாக்களைச் சீனாவுக்கு அனுப்பக் கனடா அரசிடம் அனுமதி கேட்டது. அரசு மறுத்தது. உடனே, தீனிக்குப் பணம் இல்லை, நிதி தராவிட்டால் கருணைக்கொலை செய்ய வேண்டிவரும் என்றது. பத்தாண்டு கணக்கில் அந்தத் தொட்டிகளைக் காட்டிச் சம்பாதித்த இடம்.

2016-ல் இனப்பெருக்கத்தை நிறுத்தியபோது குட்டியாக இருந்த ஓர்கா ஒன்றுக்கு முழு ஆயுள் கிடைத்தால் அது 2060-க்குப் பிறகும் இருக்கும். அதுவரை இந்த நிறுவனங்கள் இருக்குமா, யார் கைக்கு மாறும், யாருக்குத் தெரியும்? சுரங்கம் தோண்ட அனுமதி கேட்பவரிடம், பிறகு குழியை மூடுவதற்கான பணத்தை முன்கூட்டியே வைப்பாக வாங்கும் முறை பல நாடுகளில் இருக்கிறது. ஓர்கா வைத்திருப்பவரிடமும் அப்படி வாங்க வேண்டும்: விலங்கு ஒன்றுக்கு, அதன் மிச்ச ஆயுளுக்கு, நிறுவனம் திவாலானாலும் கடன்காரர் தொட முடியாத கணக்கில். சால்மன் ஆற்றுக்கான பணத்தில் கைவைக்க வேண்டிய அவசியமே இல்லை, எதிர்க்கட்சி சார். இரண்டும் வேறு வேறு பை.

#20 எதிர்க்கட்சி

அந்த வைப்புத்தொகை யோசனைக்கு மட்டும் என் ஓட்டு. ஆனால் இப்போதே நஷ்டத்தில் ஓடும் பூங்காவிடம் கேட்டால் அடுத்த நாளே ஓர்காவை வெளிநாட்டுக்கு விற்றுவிடும். முதலில் ஏற்றுமதியைப் பூட்டுங்கள், பிறகு பணம் கேளுங்கள்.

#21 வழக்குமன்றம்

சரியான வரிசை. கனடாவின் 2019 சட்டத்தில் அந்தப் பூட்டு இருந்ததால்தான் 30 பெலூகா விஷயத்தில் அமைச்சரால் மறுக்க முடிந்தது. விலங்கின் நலனுக்கு, அல்லது அறிவியல் ஆராய்ச்சிக்கு என்று காட்டினால்தான் ஏற்றுமதி அனுமதி. அந்தச் சட்டத்தில் இல்லாதது பணம் பற்றிய பிரிவு. இரண்டையும் சேர்த்து ஒரு மாதிரி வரைவு எழுதிப் பார்க்கிறேன். ஆயுள் செலவு மதிப்பீட்டுக்குக் கணக்கர் உதவினால் நல்லது. ஒரு பெரிய ஓர்காவுக்கு ஒரு நாளைக்கு 100 கிலோ மீன் என்று வைத்துத் தொடங்குங்கள்.